சக்ரவர்த்தி திரும்பப் பெற்ற சொல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தசரத சக்ரவர்த்தியைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு வழங்கி வருகிறது. ஸத்யத்துக்காகப் பிள்ளையையும் ப்ராணனையும் விட்ட மஹாபுருஷன் என்பது ஒன்று. ஆபாஸமானதொரு தர்மத்தைக் கட்டிக்கொண்டு, வடிவெடுத்த தர்மமான பெருமாளையே இழந்தவன் என்பது மற்றொன்று. முதலாவது பொதுமேடைகளில் கேட்பது. இரண்டாவது ரஹஸ்யக்ரந்தங்களில் பரிசயமுள்ளவர்கள் சொல்வது. ஜெயமங்கலத்தில் எங்கள் பெருமாள் ஸந்நிதியில் நடக்கும் ஸ்ரீராமநவமி உபந்யாஸங்களில் 30 ஆண்டுகளுக்கு மேலாக அடியேனும் இரண்டாவதையே சொல்லி வந்தேன். சற்றுக் கடுமையாகவே சொல்லி வந்தேன். "பிள்ளையைக் கொடுத்து ஒரு சொல்லை வாங்கிக்கொண்ட வியாபாரி" என்று ஒருமுறை சொன்னதும், கோஷ்டியில் இருந்த சிலர் சிரித்ததும் நினைவில் இருக்கின்றன.

அந்தப் பேச்சை இப்போது திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆசார்யர்களின் தீர்ப்பில் கை வைக்க அடியேனுக்கு அதிகாரமில்லை. அது இருந்தபடியே நிற்கிறது. அதை அடியேன் எடுத்துச் சொன்ன விதத்தில்தான் பிழை இருந்தது. அந்தப் பிழையைக் காட்டிக் கொடுத்தவை மூன்று இடங்கள்: பெருமாள் திருமொழியின் ஒன்பதாம் திருமொழி, விஷ்ணுசித்தரின் சரித்ரம், ஸ்ரீராமாயண யுத்தகாண்டத்தின் இறுதியில் நாம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு ஸர்க்கம். இவற்றை மறுபடியும் படிக்கும்படி நேர்ந்தது அடியேனுடைய க்ருஹத்து விஷயம் ஒன்றினால். அதை வேண்டிய அளவு கடைசியில் சொல்கிறேன்.

தீர்ப்பும் அதன் எல்லையும்

முமுக்ஷுப்படியில் சரமச்லோக ப்ரகரணத்தில், தர்மங்களை விட்டு அவன் ஒருவனையே பற்றுவதைப் பேசுமிடத்தில், பிள்ளைலோகாசார்யர் சக்ரவர்த்தியை இழவுக்கு த்ருஷ்டாந்தமாக்குகிறார். கைகேயிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பது தர்மம் என்று அவன் நினைத்தான். அந்த தர்மத்தின் பலனாக ஸ்வர்கத்தைப் பெற்றான். எதிரே நின்ற பெருமாளை இழந்தான். ஸாதனங்களைப் பற்றி நிற்பவர்களுக்கும் இதுவே கதி என்பது அங்கே அருளிச்செய்யப்படும் பொருள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. த்ருஷ்டாந்தத்தில் விவக்ஷிதமான அம்சத்தை மட்டுமே கொள்ள வேண்டும். முகத்தைச் சந்த்ரன் என்று சொன்னால் அதன் களங்கத்தையும் முகத்தில் தேடக் கூடாது. அந்த ப்ரகரணத்தின் விஷயம் உபாயம். எதை உபாயமாகப் பற்றினான், என்ன பெற்றான் என்பதே அங்குள்ள கேள்வி. எவ்வளவு ஸ்நேஹித்தான் என்பது அங்கே கேட்கப்படவே இல்லை. அடியேன் செய்த பிழை இதுவே: உபாயத்தில் சொன்ன குறையை அவனுடைய பித்ருத்வத்தின்மேல் ஏற்றிவிட்டேன். தகப்பனாக இருக்கத் தெரியாதவன் என்று பேசினேன். ஸூத்ரம் அப்படிச் சொல்லவில்லை.

அவனுடைய ஸ்நேஹத்தைப் பற்றி நம் ஸம்ப்ரதாயம் என்ன நினைக்கிறது என்பதை அறிய வேறிடத்துக்குப் போக வேண்டும்.

குலசேகரப்பெருமாள் எடுத்துக்கொண்ட குரல்

பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களில் ஆழ்வார் பிறர் வார்த்தையாகப் பேசுமிடங்கள் உண்டு. ஏழாம் திருமொழி, கண்ணனைப் பெற்றும் வளர்க்கப்பெறாத தேவகியின் புலம்பல். எட்டாவது, கௌஸல்யையாரின் தாலாட்டு. ஒன்பதாவது, பெருமாளைக் காட்டுக்கு அனுப்பிய சக்ரவர்த்தியின் புலம்பல். இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தாய்க்கு இழவிலும் குரல் உண்டு, அனுபவத்திலும் குரல் உண்டு. தகப்பனுக்கோ இழவில் மட்டுமே குரல் கிடைத்திருக்கிறது. தேவகியின் புலம்பலிலும் பிள்ளையின் பால்யத்தை அனுபவிக்கும் பாக்யம் நந்தகோபனுக்கு வாய்த்தது, பெற்றவனான வஸுதேவனுக்கு வாய்க்கவில்லை என்று அவள் நோகிறாள். தகப்பனுக்கு நேர்ந்த இழவைக்கூட அங்கே தாய்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆழ்வாரோ அரசர். தம் குமாரருக்கு முடிசூட்டிவிட்டுத் திருவரங்கத்தை நோக்கிப் புறப்பட்டவர் என்று குருபரம்பரை சொல்லும். குமாரனுக்கு முடிசூட்டக் கொடுத்துவைத்த அரசர், அது வாய்க்காமல் போன அரசனுடைய வாயாகி அழுகிறார். வெறும் சொல்வியாபாரியின் வாயாக ஒரு ஆழ்வார் ஆவாரோ? இந்தக் கேள்வியை அடியேன் 30 ஆண்டுகள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அத்திருமொழியில் சக்ரவர்த்தி கேட்பது என்ன? பிள்ளை படுக்கப்போகும் கல்லையும், நடக்கப்போகும் வெய்யிலையும் நினைத்து நைகிறான். நீ காட்டை விரும்பிப் போகிறாய், நானும் விரும்பி வானகம் போகிறேன் என்று ஏறக்குறைய ஒரு போட்டியைப்போலச் சொல்கிறான். அதற்கு முன், ஏழ் பிறப்பிலும் உன்னையே மகனாகப் பெற வேண்டும் என்கிறான். உபாயம் அறிந்தவர்கள் கேட்கும் பலன் இதுவன்று. அவன் மோக்ஷத்தைக் கேட்கவில்லை, மீண்டும் தகப்பனாவதையே கேட்கிறான். அறிவுக்குறை என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தப் பத்தைக் கற்றவர்களுக்குத் தீயவழியில் செல்லாமையையே பலனாக ஆழ்வார் அருளிச்செய்கிறார். ஒரு தகப்பனின் புலம்பல் கேட்பவனை வழிதவறாமல் காக்கும் என்றால், அந்த ஸ்நேஹத்தில் குற்றம் காண நமக்கு இடமில்லை.

விஷ்ணுசித்தர் கையில் இருந்த தர்மம்

எங்கள் பள்ளத்தாக்குக்குத் தெற்கே வருஷநாட்டு மலைகள் நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் ஸ்ரீவில்லிபுத்தூர். மலையைக் கடக்க வழியில்லாமல், ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக உசிலம்பட்டி சென்று சுற்றித்தான் ஆடிப்பூரத்துக்கும் ஆனி ஸ்வாதிக்கும் எங்களூரார் போவார்கள். இளம் வயதில் அடியேனை என் தகப்பனார் அங்கு அழைத்துப்போகும்போதெல்லாம் வழி முழுவதும் பெரியாழ்வார் விஷயமே சொல்லி வருவார்.

ஆழ்வார் அருளிச்செய்தவை திருப்பல்லாண்டையும் சேர்த்து 473 பாசுரங்கள். கண்ணனுடைய பிறப்பு, தொட்டில், அம்புலி, காதுகுத்து, நீராட்டம், பூச்சூட்டு என்று எல்லாவற்றையும் யசோதைப்பிராட்டியின் பாவத்தில் நின்று அனுபவிக்கிறார். நந்தகோபர் வார்த்தையாகத் தனித்து ஒரு திருமொழி இல்லை. மகள் கண்ணனோடு போனபின் வெறிச்சோடிய மனையில் நின்று பேசும் பதிகத்திலும் பேசுபவள் தாய். புக்ககத்தில் என் மகளை எப்படி நடத்துவார்களோ என்று கலங்குபவளும் தாயே. மண்ணுலகில் ஒரு பெண்ணுக்குத் தகப்பனாக இருந்து, அவளை அரங்கனுக்குக் கொடுத்த இவ்வாழ்வார், தகப்பன் என்ற பெயரில் வாய் திறக்கவே இல்லை. மகளைப் பெருமாளுக்குக் கொடுத்தவர் ஆனந்தமாக இருந்தார் என்று மட்டும் உபந்யாஸங்களில் முடித்துவிடுகிறோம். அந்தப் பதிகத்தைப் படித்தவர் அப்படி முடிக்க மாட்டார். கொடுத்தது உவந்துதான்; ஆனாலும் வீடு வெறிச்சோடியது மெய்.

இவருக்கும் சக்ரவர்த்திக்கும் என்ன வேறுபாடு? ஸ்நேஹத்தில் இல்லை. குருபரம்பராப்ரபாவத்தில் மாலையின் வ்ருத்தாந்தத்தைப் பார்ப்போம். பெருமாளுக்கென்று கட்டிய மாலையைப் பெண் சூடிப் பார்த்து வைத்துவிடுகிறாள். ஆழ்வார் கண்டு கலங்கி, இது தகாது என்று தடுத்து, அன்று அந்த மாலையை ஸமர்ப்பிக்காமல் நிறுத்துகிறார். சாஸ்த்ரம் முழுவதும் அவர் பக்கம். ஒருவர் சூடியது நிர்மால்யம். அதை மறுபடி ஸமர்ப்பிப்பது அபசாரம். கைங்கர்யபரரான எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான். அன்றிரவு வடபெருங்கோயிலுடையான் ஸ்வப்னத்தில் எழுந்தருளி, அவள் சூடியதே நமக்கு உகப்பு என்கிறான். ஆழ்வார் வாதம் செய்யவில்லை. ஆகமத்தை எடுத்துக் காட்டவில்லை. மறுநாள் முதல் அவள் சூடிய மாலையே சென்றது.

இரண்டு தகப்பன்மார்கள் கையிலும் ஒரு தர்மம் இருந்தது. இரண்டும் மெய்யான தர்மமே. அவன் திருவுள்ளம் எதிரே நின்றபோது ஒருவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். மற்றவனால் வைக்க முடியவில்லை. பிள்ளைலோகாசார்யர் காட்டிய இழவு இந்த இடத்தில்தான் நேர்ந்தது என்று இப்போது அடியேனுக்குத் தோன்றுகிறது.

வேகமாகக் கடந்துபோகும் ஸர்க்கம்

நவாஹபாராயணத்தில் யுத்தகாண்டம் முடியும் தறுவாயில், பட்டாபிஷேகத்துக்கு மனம் ஓடிவிடும். பிராட்டி அக்நியிலிருந்து மீண்டதற்கும் புஷ்பகவிமானம் ஏறுவதற்கும் நடுவே ஒரு ஸர்க்கம் இருக்கிறது. ருத்ரன் பெருமாளிடம், இதோ உன் தகப்பன் விமானத்தில் வந்திருக்கிறான் என்று காட்டுகிறான். சக்ரவர்த்தி ஸ்வர்கத்திலிருந்து வந்து, பெருமாளை மடியில் வைத்துத் தழுவிக்கொள்கிறான்.

முதலில் அவன் சொல்வது, உன்னைப் பிரிந்த எனக்கு ஸ்வர்கமும் தேவர்களின் மதிப்பும் பெரிதாகவில்லை என்பது. முமுக்ஷுப்படியின் தீர்ப்பை இதனருகே வைத்துப் பாருங்கள். ஸ்வர்கம் பெற்றான், பெருமாளை இழந்தான் என்று ஆசார்யர் அருளிச்செய்ததை, இழந்தவன் தானே கையொப்பமிட்டு ஒப்புக்கொள்கிறான். தண்டிக்கப்பட்டவனே தீர்ப்பை ஏற்றபின் அவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன இருக்கிறது?

அடுத்து, கைகேயி உன்னைக் காட்டுக்கு அனுப்பச் சொன்ன சொற்கள் இன்னும் என் நெஞ்சில் நிற்கின்றன என்கிறான். ஸ்வர்கவாஸத்திலும் அவை போகவில்லை. பிறகு, அஷ்டாவக்ரன் தன் தகப்பனான கஹோளனைக் கரையேற்றியதுபோல நீ என்னைக் கரையேற்றினாய் என்கிறான்.

இந்த உவமையை அடியேன் பலமுறை வாயால் சொல்லியும் மனத்தால் நின்று பார்த்ததில்லை. கஹோளன் யார்? வேதம் ஓதுவித்த ஒரு தகப்பன். கர்ப்பத்தில் இருந்த பிள்ளை அவன் அத்யயனத்தில் குறை சொன்னதற்காக, எட்டுக் கோணலாகப் பிறப்பாய் என்று சபித்தவன். பிற்பாடு ஜனகன் ஸபையில் வாதத்தில் தோற்று நீரில் அமிழ்த்தப்பட்டான். அந்தக் கோணல் பிள்ளையே போய் வாதத்தில் வென்று அவனை மீட்டான். மீண்ட தகப்பன் பிள்ளையை ஸமங்கா நதியில் நீராடச் சொல்ல, கோணல் நீங்கியது. பாரதத்தின் வனபர்வம் சொல்லும் கதை இது. தகப்பனைக் கரையேற்றிய பிள்ளைகள் கதை எத்தனையோ இருக்க, சக்ரவர்த்தி இதை எடுக்கிறான்: கோபத்தில் பிள்ளைமேல் ஒரு சொல்லை எறிந்து, பின்னால் அதே பிள்ளையால் மீட்கப்பட்டு, அந்தச் சொல்லின் விளைவைத் தானே போக்கிய தகப்பனின் கதை.

ஏன் இந்தக் கதை என்பது அடுத்து வரும் பெருமாளின் வேண்டுகோளில் தெரிகிறது. கைகேயியிடமும் ஸ்ரீபரதாழ்வானிடமும் ப்ரஸாதம் செய்தருள வேண்டும், பிள்ளையோடு உன்னைத் துறந்தேன் என்று சொன்ன அந்தக் கொடிய சாபம் அவர்களைத் தீண்டாதிருக்க வேண்டும் என்று பெருமாள் கைகூப்பிக் கேட்கிறார். அயோத்யாகாண்டத்தில் சக்ரவர்த்தி அப்படிச் சொன்னது உண்மை. இந்த ராஜ்யத்தைப் பெற்று பரதன் மகிழ்வானாகில், அவன் எனக்குக் கொடுக்கும் பித்ருகார்யம் என்னை வந்தடைய வேண்டா என்றும் சொன்னான். ஆனால் தைலத்தில் வைத்துக் காக்கப்பட்ட அவனுடைய திருமேனிக்கு ஸம்ஸ்காரம் செய்தவன் ஸ்ரீபரதாழ்வானே. அவன் மகிழவில்லை, ஆகையால் சாபத்தின் நிபந்தனை பலிக்கவில்லை என்று தர்க்கம் சொல்லிவிடலாம். பெருமாள் அந்தத் தர்க்கத்தோடு நிற்கவில்லை. சொன்ன சொல்லே இல்லாமல் போக வேண்டும் என்று கேட்கிறார். கம்பநாட்டாழ்வானும் இந்த இடத்தைத் தவறவிடவில்லை; தகப்பன் துறந்தவர்களைத் தாயாகவும் தம்பியாகவும் திரும்பத் தரும்படி பெருமாள் வரம் கேட்பதாகப் பாடியிருக்கிறார்.

சக்ரவர்த்தியின் பதில் வால்மீகியில் மிகச் சுருக்கம். அப்படியே ஆகட்டும் என்கிறான். மறுபடியும் இளையபெருமாளைத் தழுவப் போய்விடுகிறான். ஒரு சொல்லை விட முடியாமல் பெருமாளை இழந்தவன், பெருமாளே கேட்டபோது ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். பெரியாழ்வார் ஒரே இரவில் செய்ததைச் செய்ய இவனுக்கு ஒரு மரணமும் பதினான்கு ஆண்டுகளும் வேண்டியிருந்தன. தாமதம்தான், செய்தது அதே செயல்.

இரண்டு ஆக்ஷேபங்கள்

இதனால் அவனுக்கு மோக்ஷம் வந்ததா என்று கேட்கலாம். அவன் வந்த விமானத்திலேயே இந்த்ரலோகத்துக்குத் திரும்பினான் என்றே மஹர்ஷி சொல்கிறார். ஆகவே ஆசார்யர் தீர்ப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அடியேன் காட்டுவது பலனில் மாறுதலை அன்று. நெஞ்சில் நேர்ந்த நெகிழ்ச்சியை.

அப்படியானால் வாக்கையும் சாஸ்த்ரத்தையும் யாரும் எப்போதும் விடலாமோ என்பது இரண்டாவது. கூடாது. மாலை விஷயத்தில் பெருமாள் தாமே வந்து தம் உகப்பைச் சொன்னார். யுத்தகாண்டத்திலும் கேட்டவர் பெருமாள். விசேஷமான திருவுள்ளம் வெளிப்பட்ட இடத்தில் ஸாமான்ய தர்மம் வழிவிட்டது. நம் ஸௌகர்யத்துக்கு வழிவிடுவதை இதனோடு சேர்த்துப் பேசலாகாது.

அடியேன் க்ருஹத்து விஷயம்

இனி, சொல்வதாகச் சொன்னதைச் சொல்ல வேண்டும். அடியேனுக்குக் குமாரன் ஒருவன். அடியேனுக்கு என் தகப்பனார் திண்ணையில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததுபோலவே அவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். வராகநதியிலிருந்து திருமஞ்சனத் தீர்த்தம் கொண்டுவருவது அவன் சிறுவயதுக் கைங்கர்யம். 18 ஆண்டுகளுக்கு முன், தலைமுறையாக வந்த கைங்கர்யத்தை விட்டு வேறொரு நகரத்தில் உத்யோகத்துக்குப் போவதாகச் சொன்னான். அப்போது என் கையிலும் ஒரு தர்மம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, "எனக்குச் செய்ய வேண்டிய கடைசிக் கடனையும் நீ செய்ய வேண்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் மறுமொழி சொல்லாமல் ஸேவித்துவிட்டுப் போனான். பிறகு விசேஷ தினங்களில் வருவான், போவான். அந்தச் சொல் மட்டும் எங்கள் நடுவே இருந்தது. அதே ஆண்டுகளில்தான் அடியேன் சக்ரவர்த்தியைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசியதும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

சென்ற பங்குனியில் பாராயணத்தில் அந்த ஸர்க்கம் வந்தபோது அடியேனால் மேலே வாசிக்க முடியவில்லை. ஸ்ரீபரதாழ்வானுக்குச் சொன்னதும் அடியேன் சொன்னதும் ஒரே சொல்லாக இருப்பதை அன்றுதான் கண்டேன்.

பிள்ளைலோகாசார்யர் நவவிதஸம்பந்தத்தில் எம்பெருமானுக்கும் ஆத்மாவுக்கும் உள்ள ஒன்பது உறவுகளை எண்ணும்போது, முதலாவதாகப் பிதா புத்ர ஸம்பந்தத்தை வைக்கிறார். ஸர்வகாரணத்வத்தைச் சொல்லும் அகாரத்திலிருந்து அது பெறப்படும். அவன் நிருபாதிகமான தகப்பன். மற்றவர்களுக்கு அந்தப் பெயர் கர்மத்தால் வந்த ஓர் உபாதி. அருளிச்செய்தவரோ நைஷ்டிகப்ரஹ்மசாரி, பிள்ளை என்று ஒன்றைப் பெற்றவரல்லர். 1323-ல் திருவரங்கத்துக்கு ஆபத்து வந்தபோது நம்பெருமாளைக் கைக்குழந்தையைப்போலக் காத்துக்கொண்டு மதுரைக்கு அருகில் ஜ்யோதிஷ்குடி வரை வந்து, அங்கேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். உறவில் தகப்பனான அவனைப் பரிவில் பிள்ளையாகக் கொண்டார். பெரியாழ்வார் காட்டிய வழியும் இதுவே.

இந்தக் கணக்கில் பார்த்தால் பெற்ற தகப்பனும் வளர்ப்புத் தகப்பனே. துளஸிவனத்தில் கிடைத்த பெண்ணைப்போலத்தான் நமக்குப் பிறந்த பிள்ளையும் நம் கையில் கொடுக்கப்பட்டவன். அவனை ஓதுவிக்கலாம், தடுக்கலாம், கண்டிக்கலாம். உறவையே வெட்டும் சொல்லைச் சொல்ல மட்டும் நமக்கு ஸ்வாதந்த்ர்யம் இல்லை. அந்த உறவு நம்முடையதன்று. ப்ரஹ்லாதாழ்வான் தன்னைக் கொல்ல நினைத்த தகப்பனுக்கும் பாபம் நீங்க வேண்டும் என்று வரம் கேட்டான். பிள்ளை அறுக்காததைத் தகப்பன் அறுக்கலாமோ?

குமாரனைத் தொலைபேசியில் அழைத்து, அன்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை, சக்ரவர்த்தியும் சொல்லவில்லை. நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அப்பா, ஆற்றில் இப்போது தண்ணீர் வருகிறதா?" என்று கேட்டான். வருகிறது என்றேன்.

அவன் போனது சரியென்று அடியேன் இப்போதும் சொல்லவில்லை. ஆழ்வாருக்கு வந்ததுபோல எனக்கு ஸ்வப்னம் எதுவும் வரவில்லை. எனக்குப் பிறகு அந்தத் தீர்த்தத்தை யார் கொண்டுவருவார் என்பதும் தெரியாது. அது அவன் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஆனால் வருகிற ஸ்ரீராமநவமியில் அயோத்யாகாண்டத்தைச் சொல்லும்போது, சக்ரவர்த்தியின் இழவை ஆசார்யர்கள் அருளிச்செய்தபடியே சொல்லிவிட்டு, அங்கே நிறுத்தாமல் யுத்தகாண்டத்து ஸர்க்கத்தையும் சேர்த்துச் சொல்வதாக இருக்கிறேன். அன்று கோஷ்டியில் சிரித்தவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தத் திருத்தம் போய்ச் சேர வேண்டும்.

இதில் பிழை இருந்தால் பெரியோர்கள் பொறுத்துத் திருத்தியருள வேண்டும்.

அடியேன்.